கணித மேதை புவான்காரே

தோற்றுவாய்

பிழை செய்யாத மனிதர் உலகில் இலர். செய்த பிழையை மறைத்து வாழ்பவர் பலர். பிறர் எடுத்துக்காட்டிய பின் வேறு வழியின்றி ஒப்புக்கொள்பவர் சிலர். தம் புகழுக்கும் பொருளுக்கும் நேரும் இழப்பைக் கருதாது, பிழையைத் தாமே வெளிப்படுத்தித் திருத்திக்கொள்பவர் மிகச் சிலரே ஆவர். அம்மிகச் சிலருள் ஒருவர் பிரஞ்சு நாட்டுக் கணித மேதை ஆன்றி புவான்காரே.

விண்ணில் மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு இயங்கும்போது அவை செல்லும் வழி யாது என்னும் வினாவை ஆராய்ந்தவர் அவர். அவ்வாராய்ச்சியில் அவருக்கு நேர்ந்த பிழையும், அதனை அவர் எதிர்கொண்ட முறையும், அதன் பயனாக உலகம் பெற்ற புதிய அறிவும் நாம் அறிந்து போற்றத் தக்கனவாம்.

பிறப்பும் இளமையும்

பிரஞ்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் நான்சி என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1854ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29ஆம் நாள் புவான்காரே பிறந்தார். அவருடைய தந்தையார் மருத்துவப் பேராசிரியர். அன்னையார் அறிவு மிக்கவர். தம் மக்களின் தொடக்கக் கல்வியைத் தாமே கண்காணித்து வந்தார். பின்னாளில் பிரஞ்சுக் குடியரசின் தலைவராக விளங்கிய இரேமோன் புவான்காரே, இவருடைய தந்தையாரின் உடன்பிறந்தார் மகனாவார்.

ஐந்தாம் வயதில் புவான்காரேயைத் தொண்டை அடைப்பான் என்னும் கொடிய நோய் பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தாரெனினும் பல திங்கள் வரை அவரால் பேச இயலவில்லை; கால்களும் வலுவிழந்தன. ஏனைய சிறுவரோடு ஓடி விளையாட இயலாத அச்சிறுவருக்கு நூல்களே தோழர்களாயின. ஒருமுறை படித்ததை அவர் எளிதில் மறப்பதில்லை.

அவருக்குக் கண்பார்வையும் கூர்மையாக அமையவில்லை. வகுப்பில் கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவன அவருக்குத் தெரியமாட்டா. ஆயினும் அவர் சோர்வடையவில்லை. ஆசிரியர் கூறுவதைச் செவியால் கேட்டு, அதனை மனத்துள்ளே எழுதிப் பார்த்துக் கற்றார். கண்ணுக்குத் தெரியாத வடிவங்களை அகக்கண்ணால் காணும் ஆற்றல் அவரிடம் இவ்வாறு வளர்ந்தது. ஓவியத்தில் மட்டும் அவர் மிகவும் பின்தங்கியிருந்தார்.

1870ஆம் ஆண்டில் பிரஞ்சு நாட்டிற்கும் பிரசியாவிற்கும் போர் மூண்டது. நான்சி நகரம் செருமானியப் படையின் வசமாயிற்று. பதினாறு வயதினரான புவான்காரே, புண்பட்டோருக்கு மருத்துவம் செய்த தந்தையாருக்கு உடனிருந்து உதவினார். நகரில் கிடைத்த செருமன் மொழிச் செய்தித்தாள்களைப் படித்து அம்மொழியையும் கற்றுக்கொண்டார்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

1873ஆம் ஆண்டில், அந்நாளில் பாரிசு நகரில் இருந்த பாலிடெக்னிக் கல்லூரியில் முதல் மாணவராக இடம் பெற்றார். அதன்பின் சுரங்கப் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1879ஆம் ஆண்டில் வெசூல் என்னும் ஊரில் சுரங்கப் பொறியாளராகப் பணி ஏற்றார்.

அவ்வாண்டிலேயே அருகிலிருந்த மாஞி நிலக்கரிச் சுரங்கத்தில் பெருவெடிப்பு நேர்ந்தது. பதினைந்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். இடர் முற்றும் நீங்குமுன்னரே புவான்காரே சுரங்கத்துள் இறங்கி, வெடிப்பின் காரணத்தைத் தேடினார். அங்குக் கிடந்த காப்பு விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அவற்றுள் 476 என்னும் எண்ணுடைய விளக்கின் கம்பி வலையில் ஒரு சிறு துளை காணப்பட்டது. தொழிலாளி ஒருவரின் குத்துக்கோடரி அறியாமற் பட்டதனால் உண்டான துளை அது. அத்துளையின் வழியே தீச்சுடர் வெளிப்பட்டுச் சுரங்கத்தில் தேங்கியிருந்த எரிவளியைப் பற்றியதே வெடிப்பிற்குக் காரணம் என்று அவர் முடிவு கண்டார். விரற்கடை அளவும் வேண்டாத ஒரு துளை இத்தனை உயிர்களைக் கொள்ளைகொண்டது. சிறியதொரு காரணம் பெரியதொரு விளைவைத் தரும் என்னும் உண்மையை அவர் கண்ணெதிரே கண்ட நாள் அது.

அதே ஆண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன்பின் கான் நகரில் ஆசிரியப் பணி புரிந்து, 1881ஆம் ஆண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். திருமணமும் அவ்வாண்டில் நடைபெற்றது. 1887ஆம் ஆண்டில், முப்பத்திரண்டாம் வயதிலேயே, பிரஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மூன்று பொருள்களின் சிக்கல்

விண்ணிலுள்ள பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதை நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஞாயிறும் ஒரே ஒரு கோளும் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். அக்கோள் ஞாயிற்றை நீள்வட்டப் பாதையில் சுற்றி வரும். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் அஃது எவ்விடத்தில் இருக்கும் என்பதையும் கணித்துக் கூறிவிடலாம்.

மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்தவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. இருவர் கைகோத்துச் சுழன்றாடினால் அவர்தம் அடிச்சுவடுகள் ஒழுங்காக அமையும். மூன்றாமவர் ஒருவர் இடையே புகுந்து இருவரையும் இழுத்தவண்ணம் ஆடுவாராயின் அவ்வொழுங்கு கலைந்துவிடும். ஒவ்வொருவர் அடியும் மற்ற இருவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். அம்மாற்றம் மற்ற இருவரையும் மாற்றும். ஞாயிறு, நிலவுலகு, திங்கள் ஆகிய மூன்றும் இவ்வாறே ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு இயங்குகின்றன.

ஆய்லர் என்பார் 1767ஆம் ஆண்டிலும், இலக்ராஞ்சு என்பார் 1772ஆம் ஆண்டிலும் இச்சிக்கலுக்குச் சில தனிப்பட்ட விடைகளைக் கண்டனர். மூன்று பொருள்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்து சுழலலாம் என்றார் ஆய்லர். சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைந்தும் சுழலலாம் என்றார் இலக்ராஞ்சு. ஆனால் எல்லா நிலைகளுக்கும் பொருந்தும் விடை கிட்டவில்லை. இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. நிலவுலகு என்றும் இதே பாதையில் சுற்றுமா? அன்றி, ஒருநாள் ஞாயிற்றை விட்டு அகன்று போகுமா? இவ்வினாக்களும் அச்சிக்கலினுள் அடங்கியிருந்தன.

மன்னர் அறிவித்த பரிசு

அந்நாளில் சுவீடன், நார்வே ஆகிய இரு நாடுகளுக்கும் இரண்டாம் ஆசுகர் மன்னராக இருந்தார். 1889ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள் அவருக்கு அறுபதாம் பிறந்தநாள். அவ்விழாவையொட்டிக் கணிதப் போட்டி ஒன்று 1885ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வெற்றி பெறுவோர்க்குப் பொற்பதக்கமும் 2500 குரோனர் பணமும் பரிசு. விண்பொருள்களின் இயக்கம் பற்றிய வினாவே போட்டியின் முதல் வினா. செருமானிய அறிஞர் வையர்சுதிராசு, பிரஞ்சு அறிஞர் எர்மித்து, சுவீடன் அறிஞர் மித்தாக்லெப்லர் ஆகிய மூவரும் நடுவராக அமர்ந்தனர். 12 கட்டுரைகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று புவான்காரேயினுடையது.

பிறர் எல்லாரும் பொது விடை ஒன்றையே தேடிக்கொண்டிருக்க, புவான்காரே வேறு வழியில் சிந்தித்தார். மூன்று பொருள்களுள் ஒன்று மிகச் சிறியது என்று முதலில் கொண்டார். அஃது ஏனைய இரண்டினாலும் ஈர்க்கப்படும். தான் அவற்றை அசைக்காது. அதன் பாதைகள் எண்ணிறந்தன. அவற்றுள், புறப்பட்ட நிலைக்கே குறித்த காலத்தில் திரும்பி வந்து, மீண்டும் மீண்டும் அதே வழியில் செல்லும் பாதைகள் உண்டா என்று அவர் தேடினார்.

செக்கைச் சுற்றும் மாட்டை நாம் கண்டிருக்கிறோம். எத்தனை முறை சுற்றினாலும் அதன் தடம் மாறுவதில்லை. ஒரு சுற்றை அறிந்தால் எல்லாச் சுற்றையும் அறிந்தவர் ஆவோம். அது போன்ற பாதையை மீள்வழி என்று கூறலாம். வழி தெரியாத அடர்ந்த காட்டில் நன்கு தெரிந்த தடம் ஒன்று கிடைக்குமாயின், அதனைத் துணையாகக் கொண்டு அருகிலுள்ள இடங்களையும் சிறிது சிறிதாக அறிந்துகொள்ளலாம் அன்றோ? மீள்வழிகள் அத்தகைய தடங்களாகப் பயன்படும் என்பதை அவர் உணர்ந்தார். அத்தகைய வழிகள் எண்ணற்றவை உண்டு என்பதையும் நிறுவினார்.

மீள்வழியின் அருகே செல்லும் பாதைகளையும் அவர் ஆராய்ந்தார். சில பாதைகள் காலம் செல்லச் செல்ல மீள்வழியை நெருங்கி வந்தன. வேறு சில அதனை விட்டு விலகிச் சென்றன. நெருங்கும் பாதைகளின் தொகுதியும் விலகும் பாதைகளின் தொகுதியும் ஒன்றோடொன்று இழைந்து, மதில் போல் அமையும் என்று அவர் கருதினார். அவ்வாறாயின், மதிலுக்குள் இயங்கும் பொருள் அதனைக் கடந்து வெளியே செல்லாது; அதன் இயக்கம் நிலைபெற்றிருக்கும். நடுவர் மூவரும் அக்கட்டுரையைப் பெரிதும் பாராட்டினர். மன்னரின் பிறந்தநாளன்று பரிசு புவான்காரேக்கே என அறிவிக்கப்பட்டது. பிரஞ்சு நாடு மகிழ்ந்தது.

வாய்மைக்கு நேர்ந்த சோதனை

பரிசு பெற்ற கட்டுரையை மித்தாக்லெப்லர் தாம் நடத்திவந்த கணித இதழில் வெளியிட முற்பட்டார். அச்சுப்பணியைக் கவனித்தவர் பிராக்மேன் என்னும் சுவீடன் நாட்டு இளைஞர். அவர் கட்டுரையை வரிவரியாகப் படித்து, 1889ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சில பகுதிகள் தமக்கு விளங்கவில்லை என்று தெரிவித்தார். உலகப் புகழ் பெற்ற நடுவர் மூவரும் ஏற்றுக்கொண்ட கட்டுரையில் இருபத்தைந்து வயது இளைஞர் ஐயம் எழுப்புவதா என்று புவான்காரே சினம் கொள்ளவில்லை. அவ்வையத்தை மதித்துக் கட்டுரையை மீண்டும் ஆராயத் தொடங்கினார்.

அவ்வாறு ஆராய்ந்தபோது, இளைஞர் சுட்டிய இடத்தில் அன்றி, வேறோர் இடத்தில் பெரியதொரு பிழை இருப்பதைப் புவான்காரே கண்டார். மதில் என்று அவர் கருதியது மதில் அன்று! நெருங்கும் பாதைகளின் தொகுதியும் விலகும் பாதைகளின் தொகுதியும் இழைந்து ஒன்றாவதில்லை. அவை ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லக்கூடியன. கட்டுரையின் மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்று அதனால் சரிந்து வீழ்ந்தது.

அப்போது நிலைமை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரிசு வழங்கப்பட்டுவிட்டது. கட்டுரை அச்சாகிவிட்டது. படிகள் சில அறிஞர் கைகளுக்கும் சென்றுவிட்டன. நடுவர் மூவரும் அப்பிழையைக் கண்டாரல்லர். வாய் மூடி இருந்திருப்பின் அவர் பெற்ற புகழ் பல்லாண்டுகள் குறையாது இருந்திருக்கக் கூடும். வெளிப்படுத்தினாலோ, தம் பெயர் மட்டுமன்றி, நடுவர் பெயரும் மன்னர் பெயரும் மாசுபடும் என்னும் அச்சம் இருந்தது.

புவான்காரே தயங்கவில்லை. அச்சிடுவதை உடனே நிறுத்துமாறு அவ்வாண்டின் இறுதியில் மித்தாக்லெப்லருக்குத் தந்தி கொடுத்தார். பிழை இன்னது என்பதையும், அது மிகப் பெரியது என்பதையும் மடலில் மறைக்காமல் எழுதினார். மித்தாக்லெப்லர் திடுக்கிட்டார். வெளியே சென்ற படிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றார். முதலில் அச்சிட்டதற்கு ஆன செலவைப் புவான்காரேயே ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அத்தொகை 3585 குரோனருக்கும் மேற்பட்டது. பெற்ற பரிசோ 2500 குரோனரே. பரிசுப் பணம் முழுவதையும் கொடுத்ததோடு, அதற்கு மேலும் ஆயிரம் குரோனருக்கு மேல் தம் கைப்பொருளை அவர் இழக்க நேர்ந்தது. மறுப்பேதும் கூறாமல் அவர் அதனைச் செலுத்தினார்.

பிழையில் பிறந்த பேருண்மை

பிழையை ஒப்புக்கொண்டதோடு புவான்காரேயின் கடமை முடிந்துவிடவில்லை. உண்மை யாது என்பதைக் கண்டறியும் பெரும்பணி எஞ்சியிருந்தது. இரவும் பகலும் உழைத்து, 1890ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய கட்டுரையை எழுதி முடித்தார். முதற்கட்டுரை 158 பக்கங்கள் கொண்டது. புதிய கட்டுரை 270 பக்கங்களாக விரிந்தது. அஃது அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஐயம் எழுப்பித் தம்மை மீண்டும் ஆராயச் செய்த பிராக்மேனுக்கு முன்னுரையில் நன்றி கூறவும் அவர் மறக்கவில்லை.

அக்கட்டுரை உணர்த்திய உண்மை புதுமையானது. இரு தொகுதிகளும் ஒருமுறை ஊடறுத்தால், மீண்டும் மீண்டும் முடிவின்றி ஊடறுத்துக்கொண்டே செல்லும். அவற்றால் உண்டாகும் பின்னலை எந்த மீன்வலைக்கும் எந்த நெசவிற்கும் ஒப்பிட முடியாது. அப்பின்னலினூடே செல்லும் இரு பொருள்கள், தொடக்கத்தில் மயிரிழை அளவே வேறுபட்டிருந்தாலும், நெடுங்காலம் சென்றபின் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இடங்களை அடையக்கூடும். சுரங்க விளக்கின் சிறுதுளையில் அவர் கண்டது போலவே, சிறியதொரு வேறுபாடு பெரியதொரு விளைவைத் தருவதை இங்கும் அவர் கண்டார். இயற்கையின் விதி உறுதியானது. ஆயினும் தொடக்க நிலையை முற்றும் துல்லியமாக அறிந்தாலன்றி வருங்காலத்தை முழுதும் கணித்துவிட இயலாது என்பது புலனாயிற்று.

இவ்வாராய்ச்சிகளை விரித்து, வானியக்கவியலின் புதிய முறைகள் பற்றி 1892 முதல் 1899 வரை மூன்று பெருந்தொகுதிகளை அவர் வெளியிட்டார். அப்பின்னலின் சிக்கல் மிகுதியைக் கூறியவர், அதனைப் படமாக வரைந்து காட்ட முற்படவில்லை. பள்ளி நாளில் ஓவியம் வராத அம்மாணவர், எவராலும் எளிதில் வரைய இயலாத ஓவியத்தை மனத்தில் கண்டுவிட்டார்! பின்னர் 1963ஆம் ஆண்டில் இலொரென்சு என்னும் வானிலை அறிஞர், கணிப்பொறியின் துணையால் இதனையொத்த இயல்பைக் காற்றோட்டம் பற்றிய கணக்குகளிலும் கண்டார். இன்று ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று வழங்கும் அறிவியல் துறைக்குப் புவான்காரேயின் திருத்திய கட்டுரையே ஊற்றுக்கண் என்பர்.

பிற பணிகளும் மறைவும்

புவான்காரே காலையில் இரண்டு மணி நேரமும், மாலையில் இரண்டு மணி நேரமுமே ஆராய்ச்சி செய்வது வழக்கம். ஆயினும் அவர் எழுதிய கட்டுரைகள் ஏறத்தாழ 500; நூல்கள் ஏறத்தாழ 30. கணிதம், இயற்பியல், வானியல் ஆகிய துறைகள் யாவும் அவரால் வளம் பெற்றன. 1902ஆம் ஆண்டில் அறிவியலும் கருதுகோளும் என்னும் பொருள் பற்றி அவர் எழுதிய நூலைப் பொதுமக்களும் விரும்பிப் படித்தனர்.

கணிதத்தைப் பொய்க்குத் துணையாக்குவதை அவர் பொறுத்தாரல்லர். திரைபசு என்னும் படை அலுவலர்மீது நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தி, 1894ஆம் ஆண்டில் தண்டனை விதித்தனர். கையெழுத்தை அளந்து கணக்கிட்டதாகக் கூறிய ஒரு சான்றும் அவருக்கு எதிராகக் காட்டப்பட்டது. அக்கணக்கு அடிப்படையற்றது என்று புவான்காரே 1899ஆம் ஆண்டில் மடல் வாயிலாக அறிவித்தார். 1904ஆம் ஆண்டில் வேறு இரு கணித அறிஞரோடு கூடி விரிவான அறிக்கையும் எழுதினார். 1906ஆம் ஆண்டில் திரைபசு குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. தம் கட்டுரையிற் கண்ட பிழையை மறைக்காத அறிஞர், பிறர் சான்றிற் கண்ட பிழையையும் மறைத்தாரல்லர்.

1912ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள், அறுவை மருத்துவத்திற்குப் பின் நேர்ந்த இடரால், தமது ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் பாரிசு நகரில் காலமானார்.

வாழும் ஆராய்ச்சி

மீள்வழிகளைத் தேடும் பணி அவரோடு முடிந்துவிடவில்லை. மூன்று சமமான பொருள்கள் 8 என்னும் எண்ணின் வடிவில் அமைந்த ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வர இயலும் என்பது 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 2013ஆம் ஆண்டில் பெல்கிரேடு நகர அறிஞர் இருவர் மேலும் 13 வகை மீள்வழிகளைக் கணிப்பொறியின் துணையால் கண்டனர்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 என்னும் விண்கலம் ஞாயிற்றை ஆராயப் புறப்பட்டது. நிலவுலகிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஆய்லர் கண்ட நேர்கோட்டு நிலைகளுள் ஒன்று இருக்கின்றது. அவ்வெற்றிடத்தைச் சுற்றியுள்ள மீள்வழியில் 2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் அக்கலம் செலுத்தப்பட்டது. ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 178 நாள் ஆகும். அவ்வழியிலிருந்து மெல்ல விலகும் இயல்பு கலத்திற்கு உண்டு. ஆதலின் அவ்வப்போது சிறிது உந்தி அதனை நெறிப்படுத்த வேண்டியுள்ளது. ஞாயிறு, நிலவுலகு, சிறு விண்கலம் என்னும் இம்மூன்றும் சேர்ந்த அமைப்பு, புவான்காரே எடுத்துக்கொண்ட கணக்கையே ஒத்தது அன்றோ?

முடிவுரை

புவான்காரே பெற்ற பொற்பதக்கத்தினும், அதன் பின்னர் அவர் கொடுத்த தந்தியே விலைமதிப்பு மிக்கது. அத்தந்தியைக் கொடாதிருந்தால் அவர் பிழையான மதில் ஒன்றுக்குப் புகழ் பெற்று வாழ்ந்திருப்பார். அம்மதிலுக்கு அப்பால் இருந்த புத்துலகைக் கண்டிருக்கமாட்டார். கற்றறிந்தோருக்கு அறிவு மட்டும் போதாது. தம் முடிவைத் தாமே மீண்டும் ஆராயும் துணிவும், இளையோர் கூறினும் மெய்ம்மையைக் கேட்கும் பணிவும் வேண்டும். கணக்கில் பிழை நேர்ந்தால் அதனை அழித்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்கும் மாணவர் ஒவ்வொருவரும் அம்மேதை சென்ற வழியில் ஓர் அடி எடுத்து வைத்தவரே ஆவர்.